இருபத்தாறு பேருக்கு என் நம்பர்

எனக்கு நாற்பத்தொன்பது வயதில் கர்ப்பம் என்று முதலில் சொன்னது ஒரு போன்கால். காலை பதினொரு மணி. கடையில் மூன்று பேர் ஆதார் அட்டையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஜெராக்ஸ் மிஷின் தாளைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. அந்த நேரம் பார்த்து ஒரு பெண் என் பெயரைச் சொல்லி, ஆறாவது மாதம் நடக்கிறதே, இரும்புச்சத்து மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறீர்களா என்று ஹிந்தியில் விசாரித்தாள். என் மகனுக்கே பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம் அம்மா என்றேன். "மேடம், எந்த வயதிலும் இரும்புச்சத்து முக்கியம்" என்று புத்தி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மறுநாள் எனக்குக் கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். அதற்கு அடுத்த வாரம் இன்னொருவன் கூப்பிட்டு, ஒன்றரை வயதில் போட வேண்டிய தடுப்பூசியை நான் இன்னும் போட்டுக்கொள்ளவில்லை என்று வருத்தப்பட்டான். பிறகு சர்க்கரை. பிறகு பல். ஒரே மாதத்தில் எனக்கு வராத வியாதி இல்லை, நான் கடக்காத வயதும் இல்லை.

இத்தனைக்கும் அவர்கள் சொன்ன எதுவுமே பொய் இல்லை. எல்லாம் எங்கள் கல்லியில், இந்தச் சந்தில், யாருக்கோ உள்ளதுதான். யாருக்கு என்பதில்தான் கோளாறு.

நான் தாராவியில் எங்கள் கல்லியின் வாயிலேயே, வீட்டு வாசலோடு சேர்த்து, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மிஷினும் நானும் ஒரே நேரத்தில் உள்ளே இருக்க முடியாத அளவுக்குச் சின்னக் கடை. எப்படியோ பன்னிரண்டு வருஷமாக இருக்கிறோம். ஜெராக்ஸ், லேமினேஷன், ஃபாரம் நிரப்புவது. கடைசியில் சொன்னதுதான் உண்மையான தொழில். மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் மீடியம் ஏழாவதோடு முடிந்தபோது என்னோடு படித்த பெண்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். நான் மட்டும் அடம்பிடித்து ஹிந்தி மீடியத்தில் சேர்ந்து, மராத்தியும் ஒரு பாடமாகப் படித்து, பத்தாவது வரை போனேன். அதனால் மராத்தியில் வருகிற கடுதாசியை வாசித்துச் சொல்ல எங்கள் கல்லிக்கு நான் ஒருத்திதான். என் வயதுக்காரர்கள் தமிழ் வாசிப்பார்கள், மராத்தி தெரியாது. பிள்ளைகளுக்கு ஹிந்தி தண்ணீர் பட்ட பாடு, தமிழை எழுத்துக்கூட்டுவார்கள். நோட்டீஸை எந்த மொழியில் ஒட்டினாலும் பாதிப் பேருக்கு அது வெறும் காகிதம்தான்.

எந்த ஃபாரத்திலும் ஒரு கட்டம் வரும்: மொபைல் நம்பர். அங்கே வந்ததும் எங்கள் கல்லியில் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "ஒன் நம்பரையே போட்ரும்மா." ஆளுக்கொரு காரணம் இருக்கும். வீட்டில் ஒரே போன், அதை வீட்டுக்காரர் வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். ஆஃபர் முடிந்ததும் சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குவார்கள். ஹிந்தியில் யாராவது வேகமாகப் பேசினால் பயந்துபோய் வைத்துவிடுவார்கள். நானும் என் நம்பரைப் போட்டேன். ரேஷனுக்குப் போட்டேன், காஸ் சிலிண்டருக்குப் போட்டேன், பள்ளிக்கூடத்துக்குப் போட்டேன். மெசேஜ் வந்ததும் கடையில் உட்கார்ந்தபடியே சத்தம் கொடுப்பேன். "ஏ மதினி, ஒங்க காஸு வந்துட்டு!" கல்லியின் கடைசி வீடு வரை அது வாய் மாறிப் போய்ச் சேர்ந்துவிடும். உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. நான் இல்லாவிட்டால் இந்தக் கல்லி அசையாது என்கிற பெருமை. இப்போது நினைத்தால் என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

எங்கள் ஆரோக்கியத்தை மூன்று கூட்டம் கவனித்துக்கொண்டிருந்தது. ஒன்று, மாநகராட்சியின் சுகாதார நிலையமான ஹெல்த் போஸ்ட். இரண்டாவது, தாய் சேய் நலம் பார்க்கிற ஒரு தொண்டு நிறுவனம். நாங்கள் ட்ரஸ்ட் என்போம், ஆபீஸ் செம்பூரில். மூன்றாவது, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் சேர்ந்து நடத்துகிற எங்கள் சங்கம். கோயில் கொடை, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், வருஷத்துக்கு ஒரு மருத்துவ முகாம். இந்த மூன்றும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது. ஒரே மாதத்தில் எனக்கு மூன்று தடவை பிரஷர் பார்த்தார்கள். மூன்று தடவையும் அதிகம் என்றார்கள். மாத்திரை மட்டும் யாரும் தரவில்லை. அது மற்றவர்களுடைய வேலை என்று மூன்று பேரும் ஒற்றுமையாகச் சொன்னார்கள். எனக்குப் பிரஷர் ஏறியதே அதைக் கேட்டுத்தானோ என்னவோ.

ஆகவே மூன்று பேரும் சேர்ந்து வேலை செய்யப்போகிறார்கள் என்றபோது என்னைவிடச் சந்தோஷப்பட்ட ஆள் கிடையாது. சங்கத்து ஹாலில் கூட்டம். பேனர், பொன்னாடை, வடை. சங்கத் தலைவர் அரை மணி நேரம் பேசியதில் ஆரோக்கியம் என்ற சொல் எங்காவது வந்ததா என்று எனக்கு ஞாபகம் இல்லை. ட்ரஸ்டிலிருந்து வந்த சார் சுருக்கமாகச் சொன்னார்: மூன்று பேரிடமும் மூன்று நோட்டு இருக்கிறது, அதை ஒரே லிஸ்டாக ஆக்கினால் ஒருவருக்கு என்ன வியாதி, என்ன மருந்து, யார் போய்ப் பார்த்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். நியாயமான பேச்சு. லிஸ்டை யார் டைப் அடிப்பது என்று கேட்டபோது ஹாலில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது எனக்குப் பழக்கம்தானே.

மூன்று நோட்டும் கடைக்கு வந்தன. ஹெல்த் போஸ்டுடையது மராத்தியில், ட்ரஸ்டுடையது இங்கிலீஷில், சங்கத்துடையது தமிழில். கடை சாத்தியிருக்கிற மதிய நேரங்களில் உட்கார்ந்து ஒன்பது நாள் அடித்தேன். என் பெயர்தான் முதல் வரி, அதையும் நானேதான் போட்டேன். நோட்டில் நம்பர் எப்படி இருந்ததோ அப்படியே அடித்தேன். இருபத்தாறு இடத்தில் என் நம்பர். ஒரு தடவையாவது கை நின்று யோசித்திருக்க வேண்டாமா? நிற்கவில்லை. சொந்த நம்பர் என்பதால் பார்க்காமலே விரல் ஓடியது.

செம்பூர் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர் அந்த லிஸ்டைச் சுத்தம் செய்திருக்கிறார். ஒரே நம்பர் இருபத்தாறு தடவை வந்ததைப் பார்த்ததும், ஒரே ஆளைத்தான் மூன்று நோட்டிலும் மாற்றி மாற்றி எழுதிவைத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டார். தமிழ்ப் பெயர்களை மராத்தியில் எழுதினால் அவை என்ன பாடு படும் என்பது தெரிந்தவர்களுக்கு அவர் சந்தேகம் புரியும். இருபத்தாறு பேரையும் சேர்த்து ஒரு ஆளாக்கிவிட்டார். முதல் வரியில் இருந்த பெயர் என்னுடையது. அப்படித்தான் எங்கள் கல்லியின் சர்க்கரையும் கண்புரையும் கர்ப்பமும் ஒரே நாளில் எனக்கு வந்து சேர்ந்தன.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது போன் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. ஹெல்த் போஸ்டில் போய்க் கேட்டேன். லிஸ்ட் ட்ரஸ்டினுடையது, அங்கே சொல்லுங்கள் என்றார்கள். ட்ரஸ்டுக்குப் போன் செய்தேன். நீங்கள் அடித்துக் கொடுத்ததைத்தான் போட்டிருக்கிறோம் என்றார்கள். சங்கத் தலைவர் மட்டும் பொறுமையாகக் கேட்டார். "மூணு வேரும் சேந்து செய்யுதோம்லா, போகப் போகச் சரியாயிரும்மா." அவருக்கு எல்லாமே போகப் போகச் சரியாகிவிடும்.

என் எதிர்வீட்டு மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உறவு ஒன்றும் கிடையாது. கல்யாணமாகி நான் இந்தக் கல்லிக்கு வந்த நாளிலிருந்து அவளை மதினி என்றுதான் கூப்பிடுகிறேன். என்னைவிட மூன்று வயது மூப்பு. வீட்டுக்காரர் இறந்த பிறகு முறுக்குப் பட்டறையில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று ஒரே மகளை வளர்த்தாள். மகளைக் காட்கோபரில் மளிகைக் கடை வைத்திருக்கிற குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறாள். மகள் உண்டாகியிருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பதில் மதினிக்கு இரண்டாம் பேச்சே இல்லை. சம்பந்தி வீட்டில் இரண்டு அறையும் ஃபேனும் ஃபிரிட்ஜும் இருந்தாலும், பிள்ளை தன்னுடைய கோலிக்கு, அந்தப் பத்துக்குப் பத்து ஒற்றை அறைக்குத்தான் வர வேண்டும் என்று முன்கூட்டியே எங்கள் ஹெல்த் போஸ்டில் மகளைப் பதிந்து வைத்தாள். நம்பர் கேட்டார்கள். என் நம்பர்.

அவளுக்கு இரண்டு மாதமாக இருமல். கேட்டால் எண்ணெய்ப் புகை என்பாள். பட்டறையில் எல்லாருமே இருமுவார்கள் என்பாள். மூன்று கூட்டமும் சேர்ந்து நடத்திய முதல் முகாமுக்கு நான்தான் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். சளியை டப்பாவில் எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். "புள்ள வார நேரத்துல இதெல்லாம் என்னத்துக்கு ஏட்டி?" என்று முனகிக்கொண்டே கொடுத்தாள். நம்பர் கேட்டார்கள். அதுதான் சொன்னேனே.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் போன் வந்தது. அதே பெண் குரல். என் பெயரைச் சொல்லி, உங்கள் சளி ரிப்போர்ட் வந்துவிட்டது, உடனே ஹெல்த் போஸ்டுக்கு வாருங்கள் என்றாள். அன்றைக்கு அது நாலாவது கால். அதற்கு முன்னால்தான் எனக்குப் பல் பிடுங்கத் தேதி சொல்லியிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில், "எனக்குச் சளியும் இல்லை, கிளியும் இல்லை, போனை வைம்மா" என்று ஹிந்தியில் கத்திவிட்டு அந்த நம்பரை பிளாக் செய்தேன். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

யாருடைய சளி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முகாமில் யார் சளி கொடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியாதா? எங்கள் கல்லியில் ஒரே ஒருத்தி. கூட்டிக்கொண்டு போனவளே நான். அது அந்த நேரத்தில் தோன்றவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும். எனக்கே அது முழுசாக நம்பும்படி இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு முடித்து மதினி மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் குலுங்க அந்தப் பெண் கல்லிக்குள் நடந்து வந்தபோது நான்கூடக் கடையை விட்டு இறங்கிப் போய் நெட்டி முறித்தேன். அன்றிலிருந்து மதினி மத்தியானம் பட்டறையிலிருந்து ஓடி வருவாள், மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கையால் ஊட்டுவாள், இருமிக்கொண்டே மறுபடி ஓடுவாள். எதிரெதிர் வாசல். எங்களுக்கு நடுவே இரண்டு பேர் உரசிக்கொண்டு போகிற அகலம்தான் கல்லி. எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது.

மகள் வந்து பதிமூன்றாம் நாள், என் கடை முன்னால் ஒரு கூட்டம் வந்து நின்றது. ஹெல்த் போஸ்டுக்காக வீடு வீடாக வந்து விசாரிக்கிற சேவிகா, அங்கிருந்து ஒரு நர்ஸ், ட்ரஸ்டின் சார், இவர்களுக்கு வழி காட்ட எங்கள் சங்கத் தலைவர். மூன்று கூட்டமும் ஒன்றாகச் சேர்ந்து எங்கள் கல்லிக்குள் காலடி வைத்தது அதுதான் முதல் தடவை. நர்ஸ் கையில் மாஸ்க் கட்டு. என் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். நான்தான் என்றேன்.

சேவிகா வடாலாவிலிருந்து வருகிற மராத்திக்காரி. என்னைப் பல வருஷமாகத் தெரியும், மராத்தியில் அக்கா என்கிற அர்த்தத்தில் தாயி என்றுதான் கூப்பிடுவாள். அவள் முகம் குழம்பிப் போனது. "தாயி, நீயா?" என்றாள். "உனக்கு எட்டாவது மாதமா?"

"எட்டும் இல்லை, பத்தும் இல்லை" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. ஒன்றரை மாதமாகச் சேர்ந்திருந்ததை எல்லாம் கொட்டினேன். கண்புரை, தடுப்பூசி, பல், இரும்புச்சத்து, ஒன்றையும் விடவில்லை. கல்லியில் எல்லா வாசலிலும் தலைகள் முளைத்துவிட்டன. ட்ரஸ்டின் சார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் போனில் இருந்த லிஸ்டை என்னிடம் காட்டினார். என் பெயருக்கு நேரே சிவப்பு எழுத்தில் இருந்தது: கர்ப்பிணி, டிபி உறுதி, சிகிச்சை தொடங்கவில்லை. "மேடம், ரிப்போர்ட் வந்து பதினெட்டு நாள் ஆகிறது. கர்ப்பிணிக்கு டிபி என்றால் எவ்வளவு அவசரம் தெரியுமா? அதனால்தான் எல்லாரும் சேர்ந்து வந்தோம்."

நான் மறுபடி கத்த வாயெடுத்தேன். கர்ப்பிணி யார் என்று எனக்குத் தெரியும். சளி கொடுத்தது யார் என்றும் தெரியும். இரண்டு பேரும் ஒரே ஆள் இல்லை என்று சொல்ல வந்தேன். சொல்ல வந்தபோதுதான் இரண்டு பேரும் ஒரே கோலிக்குள் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது மண்டையில் இறங்கியது. வாய் திறந்தபடியே நின்றேன். தலைவர் "என்னம்மா, தண்ணி வேணுமா?" என்றார்.

எதிர்வாசலைக் காட்டினேன். என்னால் அவ்வளவுதான் முடிந்தது.

மதினி மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். சேவிகா உள்ளே போய் முதலில் இரண்டு பேருக்கும் மாஸ்க் கொடுத்தாள், பிறகு மகளை வெளியே வந்து உட்காரச் சொன்னாள். விஷயத்தை ஹிந்தியில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். மதினி முதலில் நம்பவில்லை. "எண்ணெப் பொகைதாம்மா, வேற ஒண்ணுமில்ல" என்று நர்ஸிடமே தமிழில் வாதாடினாள். நம்பிய பிறகு ஒரே கேள்வி. "இவளுக்கு?"

மகளுக்கும் பரிசோதனை செய்ய வேண்டும், சளி எடுக்க வேண்டும், பயப்படாதீர்கள் என்றாள் சேவிகா. மருந்து ஆறு மாதம், ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட்டால் சரியாகிவிடும், முதல் சில வாரம் மகள் வேறு இடத்தில் தூங்குவது நல்லது என்றாள். என் வீட்டில் தூங்கட்டும் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். ரிசல்டுக்கு நம்பர் கேட்டபோது பழக்கத்தில் என் வாய் திறந்துவிட்டது. அந்தப் பெண் தடுத்தாள். "வேண்டாம் அத்த. என் நம்பரையே போடுங்க." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குக் கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது.

மதினி தலைவரின் கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். "அண்ணாச்சி, சம்பந்தி வீட்டுக்கு இப்பத் தெரிய வேண்டாம். புள்ள பொறக்கட்டும், நானே பக்குவமாச் சொல்லிக்கிடுதேன்."

தலைவர் சரி என்றார். சாயங்காலத்துக்குள் காட்கோபருக்குத் தெரிந்துவிட்டது. சம்பந்தி அவருக்கு ஊர்ப் பக்கத்துக்காரராம். மறைத்தால் பிற்பாடு பேச்சு வருமாம். நல்லெண்ணத்தில் ஒரு வார்த்தை போட்டு வைத்தாராம். ஒரு ரிசல்ட் செம்பூரிலிருந்து எங்கள் கல்லிக்கு வந்து சேரப் பதினெட்டு நாள் பிடித்தது. ஒரு வம்பு தாராவியிலிருந்து காட்கோபர் போக நாலு மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. இந்த மனிதர்களை வைத்துக்கொண்டு என்ன ஒருங்கிணைப்பு, என்ன பேனர்!

மறுநாள் காலை மாப்பிள்ளை டாக்ஸியோடு வந்தார். சண்டை ஒன்றும் போடவில்லை. டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும், பிரசவம் அங்கேயே நடக்கட்டும் என்று மட்டும் சொன்னார். என் வீட்டில் தங்க வைக்கிறேன் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. மதினி மாஸ்க் போட்டுக்கொண்டு தன் வாசலிலேயே நின்றாள். டாக்ஸி வரை வரவில்லை. வந்தால் அழுதுவிடுவாள், அழுதால் இருமுவாள், இருமினால் மாப்பிள்ளை பார்ப்பார்.

நாலு நாளில் மகளின் ரிசல்ட் வந்தது. அவள் நம்பருக்கு. ஒன்றும் இல்லை. அதைக் கேட்டுக் கடைக்குள் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். மிஷினுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாது.

அதன் பிறகுதான் மூன்று கூட்டமும் உண்மையாகவே வேலை செய்தன என்று சொல்ல வேண்டும். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடித்தாலும், பிடித்தவரை பலமாகவே பிடித்தார்கள். ட்ரஸ்டின் சாரும் சேவிகாவும் வீடு வீடாக ஏறி இறங்கி, நம்பரை விட்டுவிட்டு வாசலை வைத்து லிஸ்டைப் புதிதாக எழுதினார்கள். முறுக்குப் பட்டறைக்காரர் மதினியை வேலைக்கு வர வேண்டாம் என்றபோது தலைவர் போய்ப் பேசி, இரண்டு மாதம் கழித்து பேக்கிங் பக்கம் வேலை கொடுக்க ஒத்துக்கொள்ள வைத்தார்; அந்த மனிதரின் வாய்க்கும் ஒரு உபயோகம் இருந்தது. ஆனால் எங்கள் ஆட்களுக்கு அளவு தெரியாது. முன்பு யாரும் வராத வீட்டுக்கு இப்போது மூன்று பேரும் தனித்தனியாக வந்து இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள், மூன்று பேரும் சத்துக்கென்று கடலை மிட்டாய் கொடுத்தார்கள். மதினி அதைக் கல்லிப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தாள்.

மருந்தைக் கண் முன்னால் விழுங்க வைக்கப் பக்கத்தில் ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும் என்றார்கள். யாரென்று கேட்பதற்கு முன்பே நான் கை தூக்கினேன். தினமும் காலையில் கடை திறக்கும் முன் எதிர்வாசலுக்குப் போய், மாத்திரையை எடுத்துக் கொடுத்து, விழுங்குகிறவரை முன்னால் உட்கார்ந்திருப்பேன். அட்டையில் கையெழுத்துப் போடுவேன். வாந்தி வருகிறதா, கண் மஞ்சளாக இருக்கிறதா, எதையும் மறைக்கக் கூடாது என்று தினமும் புத்தி சொல்வேன். மதினி "சரி" என்பாள். அந்தப் போனைப் பற்றி மட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று போவேன். அன்றைக்கு அவள் கொஞ்சம் தெம்பாக இருப்பாள், கெடுப்பானேன் என்று தோன்றும். இல்லாவிட்டால் சோர்ந்திருப்பாள், இன்னும் ஏன் நோகடிப்பது என்று தோன்றும். சாக்குக்கா பஞ்சம்?

இரண்டு மாதம் மருந்து முடிந்ததும் சளி திரும்பப் பார்த்தார்கள். கிருமி இல்லை. குழந்தை பிறந்தால் தாராளமாகத் தூக்கலாம் என்றார் டாக்டர். காட்கோபருக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க சேவிகாவைக் கூப்பிட்டேன். அது எங்கள் ஏரியா இல்லை தாயி என்றாள். பிறகு தன் லீவு நாளில், யாரிடமும் சொல்லாமல், என்னோடு ரயிலேறி வந்தாள். சம்பந்தியம்மா காபி கொடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "நீங்க சொல்றது சரிதான். ஆனா ஆறு மாசமும் முடியட்டும், அதுக்கப்புறம் வந்து பேரப்புள்ளயப் பாக்கட்டும்" என்றார். டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். அவர் எனக்கு இன்னொரு காபி வேண்டுமா என்று கேட்டார்.

குழந்தை பிறந்த அன்று மாப்பிள்ளை என் போனுக்குப் போட்டோ அனுப்பினார். ஆண் குழந்தை. நான் கடையை அப்படியே போட்டுவிட்டு எதிர்வாசலுக்கு ஓடினேன். மதினி கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் போனை வாங்கினாள், ஏதோ பிள்ளையையே வாங்குகிற மாதிரி. வெகுநேரம் பார்த்தாள். "நெத்தி அவ அப்பாவோட நெத்தி" என்றாள். இறந்துபோன தன் வீட்டுக்காரரைச் சொன்னாள். விரலால் போட்டோவைப் பெரிதாக்கினாள், பிறகு சின்னதாக்கினாள்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "மதினி, ஒண்ணு சொல்லணும்" என்றேன். "ஒங்க சளி ரிசல்டு, ஒங்க மவ இங்க வாரதுக்கு அஞ்சு நாள் முன்னாடியே என் போனுக்கு வந்துட்டு. நான்தான் யாருக்கு என்னன்னு கேக்காம வச்சிட்டேன். கேட்டுருந்தா அன்னைக்கே மருந்து ஆரம்பிச்சிருப்பாவ. அவ வாரதயும் தள்ளிப் போட்ருக்கலாம். வம்பில்லாம இங்கனயே பிரசவம் நடந்துருக்கும். இப்ப புள்ள ஒங்க மடியில கெடந்துருக்கும்."

அவள் போட்டோவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்" என்றாள். "சேவிகா மொத நாளே எம் மவகிட்ட சொல்லிட்டா. போன் பண்ணுனோம், அந்தப் பக்கம் கத்திட்டு வச்சிட்டாவன்னு."

"பெறவு ஏன் மதினி ஒரு வார்த்த கேக்கல?"

"நீயா சொல்லுவன்னு பாத்தேன். தெனம் காலையில வந்து எம் முன்னால உக்காந்து, எதையும் மறைக்கக் கூடாது மதினி, மறைக்கக் கூடாதும்ப. நானும் மாத்திரய வாயில போட்டுக்கிட்டு ஒம் மூஞ்சியவே பாப்பேன். இன்னைக்குச் சொல்லுவியா, இன்னைக்குச் சொல்லுவியான்னு. எழுவத்தோரு நாளு பாத்தேன், ஏட்டி."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன்.